“என்னை மண்ணுக்க வையுங்கோ”: முன்னாள் போராளியான அப்பாவின் கடைசி விருப்பமும் சட்டமும்

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு மகள் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊர், பெயர், அப்பா இருந்த படையணி, அவர் காயப்பட்ட சமர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அப்பாவுக்கு 62 வயது. இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனவர். தொண்ணூறுகளில் நடந்த ஒரு சமரில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. முதுகிலும் இடுப்பிலும் இன்றைக்கும் பீஸ் (குண்டுச் சிதறல்) இருக்கிறது. 2009இல் சரணடைந்து, தடுப்பிலும் புனர்வாழ்விலும் இருந்து வீடு திரும்பினார். வீட்டோடு ஒரு சிறு தோட்டம் செய்து, சில ஆடுகளும் வளர்க்கிறார். இப்போது சிறுநீரக வருத்தம் என்று மாஞ்சோலை வைத்தியசாலையில் கிளினிக்குக்குப் போய்வருகிறார். வருத்தம் தெரியவந்த நாளிலிருந்து அவர் சொல்வது ஒன்றுதான்: “நான் செத்தால் எரிக்காதேங்கோ. பொடியளோட மண்ணுக்க வையுங்கோ.” இயக்கம் தன் போராளிகளைப் புதைத்த மயானமான துயிலும் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இடத்தையே காட்டிவிட்டார்.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. சைவக் குடும்பம், எரித்து, அந்தியேட்டிக் கிரியை செய்து, சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைக்க வேண்டும் என்கிறார். புதைத்தால் பொலிஸ் வரும் என்றும் பயப்படுத்துகிறார். அம்மாவின் மறுப்புக்குக் காரணம் வேறு. 2008இல் அவரது தம்பியை, 17 வயதில், வீட்டுக்குள் வந்து இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. அவர் திரும்பி வரவேயில்லை. “இந்த வீட்டு வாசலில அந்தக் கொடி வரக்கூடாது” என்கிறார் அம்மா. இதற்கிடையில் சுவிஸிலுள்ள அப்பாவின் பழைய தோழர் ஒருவர், கொடி போர்த்திப் பெரிதாகச் செய்யுங்கள், நேரலை போடுங்கள், செலவு முழுவதும் எங்களுடையது என்று அறிவித்திருக்கிறார். மகளின் கணவர் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர். அவருடைய வேலைக்குப் பிரச்சினை வருமா என்ற பயமும் இருக்கிறது. இராணுவத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வூதியமும் மரியாதை வேட்டும் உண்டு, அப்பாவுக்கு ஏன் ஒன்றுமில்லை, கேட்டுப் பெற முடியாதா என்றும் எழுதியிருக்கிறார். கடிதம் இப்படி முடிகிறது: “அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டு, பிறகு எரித்துவிடலாமா?”

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம். சட்டம் அதற்காக உங்களைத் தண்டிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. உங்கள் அப்பா கேட்பதில் பெரும்பகுதியைச் சட்டப்படியே செய்யலாம். செய்ய முடியாதது கொஞ்சம்தான். அதை அவர் உயிரோடு இருக்கும்போதே முகம் பார்த்துச் சொல்லலாம். அவர் காலை இழந்தவர், தோழர்களை இழந்தவர், தடுப்பில் இருந்து வந்தவர். உண்மையைத் தாங்குவார். பிள்ளை தன்னை ஏமாற்றிவிடுமோ என்ற சந்தேகத்தோடு படுக்கையில் கிடப்பதைத்தான் தாங்கமாட்டார்.

நீங்கள் ஒரே ஆசையாக எழுதியிருப்பதை நான் நான்காகப் பிரித்துப் பார்க்கிறேன். எரிக்காமல் புதைக்க வேண்டும் என்பது ஒன்று. துயிலும் இல்லத்திலேயே புதைக்க வேண்டும் என்பது இன்னொன்று. கொடியோடும் இயக்க மரியாதையோடும் அனுப்ப வேண்டும் என்பது மூன்றாவது. தன் பெயர் ஒரு கல்லில் இருக்க வேண்டும் என்பது நான்காவது. சட்டத்தின் பதில் ஒவ்வொன்றுக்கும் வேறு. பெரியப்பா நான்கையும் ஒன்றாகக் கட்டி வேண்டாம் என்கிறார், சுவிஸ் நண்பர் நான்கையும் ஒன்றாகக் கட்டி வேண்டும் என்கிறார். அப்பா இந்த நான்கில் எதை எவ்வளவு கேட்கிறார் என்று யாராவது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அதைக் காணவில்லை.

புதைக்கப் பொலிஸ் அனுமதி வேண்டுமா?

வேண்டாம். ஒருவரை எரிப்பதா புதைப்பதா என்பது குடும்பம் முடிவு செய்யும் விடயம். கிராமத்து மயானம் பிரதேச சபையின் பொறுப்பில் இருப்பது. அங்கே அடக்கம் செய்யச் சபையின் நடைமுறையைப் பின்பற்றினால் போதும். சொந்தக் காணிக்குள் புதைப்பதுதான் சிக்கல். மயானங்கள் பற்றி 1899ஆம் ஆண்டிலிருந்தே ஒரு கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் நினைத்த இடத்தில் புதைக்க முடியாது.

வீட்டில் இயற்கையாக இறந்தால் கிராம அலுவலரிடம் அறிவித்து, ஐந்து நாட்களுக்குள் மரணத்தைப் பதிவாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும். வைத்தியசாலையில் இறந்தால் அவர்கள் தரும் பத்திரத்தோடு பதிவு செய்யலாம். திடீர் மரணம் என்றால் மட்டும் திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். இறந்தவர் முன்னாள் போராளியா என்று மரணப் பதிவில் எங்கும் கேட்பதில்லை. தொழில் என்ற இடத்தில் விவசாயி என்று எழுதுங்கள். அவர் இன்றைக்குச் செய்யும் தொழில் அதுதான்.

பெரியப்பாவின் சமயக் கவலையை நான் இலேசாக எடுக்கவில்லை. ஆனால் சைவத்தில் புதைப்பதே இல்லை என்று அவர் சொல்வது சரியல்ல. துறவிகளுக்குச் சமாதி வைக்கிறோம், குழந்தைகளைப் புதைக்கிறோம், வன்னிக் கிராமங்களில் பெரியவர்களைப் புதைக்கும் சைவக் குடும்பங்களும் இருக்கின்றன. புதைத்தாலும் எட்டுச் செலவும் அந்தியேட்டியும் செய்யலாம். உங்கள் குருக்களை வீட்டுக்கு அழைத்துப் பெரியப்பாவின் முன்னால் கேளுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

புதைப்பதா எரிப்பதா என்பதில் அரசாங்கம் கை வைத்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு அண்மையில்தான் பார்த்தது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை, முஸ்லிம்களின் உடல்களைக்கூடக் கட்டாயமாக எரித்தார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்பதென்று 2024 ஜூலையில் அமைச்சரவையே முடிவெடுத்தது. மண்ணுக்குள் போக வேண்டும் என்று ஒருவர் கேட்பதை ஒரு நீதிமன்றம் இன்றைக்கு அற்பமாகப் பார்க்காது.

துயிலும் இல்லத்தில் இடம்

எனக்கு மனக் கஷ்டம் தரும் பகுதி இதுதான். அங்கே புதைக்க முயல வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

தொடக்கத்தில் இயக்கமும் தன் போராளிகளை ஊர் வழக்கப்படி எரித்தே வந்தது. 1991இல் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில்தான் ‘விதைத்தல்’ என்று சொல்லிப் புதைக்கும் வழக்கம் தொடங்கியது. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நடுகல் என்று வரிசை வரிசையாக அமைத்தார்கள். வன்னியில் கனகபுரம், தேராவில், முழங்காவில், முள்ளியவளை, வன்னிவிளாங்குளம், அளம்பில், ஈச்சங்குளம், ஆட்காட்டிவெளி என்று அந்த இடங்கள் பெருகின. உங்கள் அப்பா தன் கையால் எத்தனை பேருக்குக் குழிக்குள் பிடி மண் போட்டிருப்பார்! போருக்குப் பிறகு கல்லறைகளை இயந்திரம் கொண்டு இடித்தார்கள். கோப்பாயில் கல்லறைகள் இருந்த இடத்திலேயே 2011இல் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகத்தைத் திறந்தார்கள். கனகபுரத்தை 2016 நவம்பரில் சனங்கள் கூடித் துப்புரவாக்கி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கிக் குவித்து, விளக்கேற்றினார்கள்.

உள்நாட்டுப் போரிலும் இறந்தவர்களை மரியாதையாக அடக்கம் செய்யவும் அவர்களின் கல்லறைகளை மதிக்கவும் இரு தரப்பும் கடமைப்பட்டவர்கள் என்பது சர்வதேச மனிதாபிமான வழக்காற்றுச் சட்டம். அப்பாவின் கோபத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள்.

ஆனால் அந்த மண்ணில் இன்றைக்குப் புதிதாக ஒரு குழி வெட்டுவது வேறு விடயம். துயிலும் இல்லக் காணிகள் பலவற்றின் உரித்து இன்னும் தீர்ந்தபாடில்லை. சில படைமுகாமாகவே இருக்கின்றன. அனுமதியில்லாமல் அடக்கம் செய்தால், வழக்குப் போட்டு உடலைத் தோண்டி எடுக்க உத்தரவு கேட்கும் நிலைகூட வரலாம். அப்பாவின் உடல் பொலிஸ் காவலில் வெளியே வருவதை நீங்கள் பார்க்க நேர்ந்தால் அவர் கேட்ட அமைதி எங்கே?

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கற்களை இடித்துத் தள்ளிய பின் எந்தக் குழி எங்கே இருந்தது என்று நிலத்தைப் பார்த்து யாரும் அறுதியாகச் சொல்ல முடியாது. அப்பா காட்டிய இடம் வெறும் தரையாகத் தெரியும். மண்வெட்டி போட்டால் வேறொரு தாயின் பிள்ளை அங்கே கிடக்கலாம். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். பொலிஸ் பயத்துக்கு அவர் அசையமாட்டார், இதற்கு அசைவார் என்றே நினைக்கிறேன்.

அங்கே இடம் கிடைக்காவிட்டால் தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்று அவர் நினைக்கக்கூடும். அந்த எண்ணத்தைத் திருத்த வேண்டும். படைமயானம் என்பது எங்கேயும் களத்திலும் கடமையிலும் இறந்தவர்களுக்கானது. திருகோணமலையில் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போர் மயானம் இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பதவி பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே அளவுக் கல். ஆனால் 1939 செப்டெம்பர் 3க்கும் 1947 டிசெம்பர் 31க்கும் இடையில் இறந்தவர்களைத்தான் அந்தப் போரின் கணக்கில் எடுத்தார்கள். அதே போரில் நின்று, உயிர் தப்பி, வயதாகி இறந்தவர்கள் தங்கள் தங்கள் ஊர் மயானத்தில், மனைவிக்கும் தாய் தகப்பனுக்கும் பக்கத்தில் கிடக்கிறார்கள். யாரும் அவர்களைக் குறைத்துப் பார்ப்பதில்லை. உயிர் தப்பி வந்து, கல்யாணம் செய்து, ஒற்றைக் காலோடு தோட்டம் கொத்தி உங்களை வளர்த்தவருக்கு உரிய இடம் ஊர் மயானம்தான்.

அவருக்கு நான் ஒரு மாற்று வழி சொல்வேன். ஊர் மயானத்தில் முறைப்படி ஒரு குழி, மேலே பெயரோடு ஒரு கல். அந்தக் குழிக்குள் போடத் துயிலும் இல்லத்திலிருந்து ஒரு பிடி மண். மண்ணைத் தடை செய்யும் சட்டம் எதுவும் இல்லை. உடல் நடமாடும்போதே அவரே போய் அந்த மண்ணை எடுத்து வரட்டும்.

பதிவுள்ள குழிக்கும் பெயருள்ள கல்லுக்கும் இன்னொரு பெறுமதி இருக்கிறது. 2023 ஜூனில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிய இடத்தில் எலும்புகளும் போராளிகளின் உடைகளும் வெளிப்பட்டன. அவற்றில் எது யாருடையது என்ற கேள்வி எத்தனை வீடுகளைத் தூங்கவிடாமல் செய்தது! உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி வரக்கூடாது. கல் நின்றால் அதன் பொருளைக் காலம் மாற்றிக்கொள்ளும். கற்சிலைமடுவில், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடித்ததாகக் கல் நட்டது வெள்ளைக்காரன். அதே இடம் பிறகு பண்டாரவன்னியனை நினைக்கும் இடமாகிவிட்டது.

கொடி, சீருடை, சுவிஸ் காசு

இதில் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும் அதன் கீழ் 2011இல் வந்த ஒழுங்குவிதிகளும் இயக்கத்தின் சீருடை, சின்னம், கொடி ஆகியவற்றை அணிவதையும் காட்டுவதையும் வைத்திருப்பதையும் தடுக்கின்றன. செத்தவீடு என்று அதற்கு விலக்கு இல்லை. இறந்தவரைக் கைது செய்ய முடியாது, கொடியைப் போர்த்தியவரையும் படம் எடுத்துப் போட்டவரையும் செய்யலாம். 2024 நவம்பரில் பல இடங்களில் நினைவேந்தல் தடையில்லாமல் நடந்த அதே நாட்களில் முகநூல் பதிவுகளுக்காக ஆட்கள் கைதானார்கள். விளக்கேற்றினால் பொலிஸ் கண்டுகொள்ளாது, சின்னத்தைக் காட்டினால் விடாது என்பதுதான் நடைமுறையாக இருக்கிறது. இந்தச் சட்டம் நியாயமானதா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதை எதிர்த்துப் போராடும் களமாக உங்கள் அப்பாவின் செத்தவீட்டை ஆக்கும் உரிமை எனக்கும் இல்லை, சுவிஸில் இருப்பவருக்கும் இல்லை.

அந்தக் காசைப் பற்றி மிகவும் கவனமாக இருங்கள். 2012ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் ஒழுங்குவிதிகளின் கீழ் வெளிநாட்டிலுள்ள சில தமிழ் அமைப்புகளையும் ஆட்களையும் அரசாங்கம் பட்டியலிட்டிருக்கிறது. அப்படிப் பட்டியலில் உள்ள இடத்திலிருந்து காசு வந்தால், வாங்கியவரும் குற்றவாளியாகக் கூடும். தோழர் தன் சொந்தக் காசை, சொந்தப் பெயரில், வங்கி மூலம், அப்பாவின் வைத்தியச் செலவுக்கு இப்போதே அனுப்பட்டும். அப்படி அனுப்ப மனமில்லாமல், கொடியும் நேரலையும் இருந்தால்தான் தருவேன் என்றால் அந்தக் காசு அப்பாவுக்கானது இல்லை.

சட்டத்துக்குள் நின்று செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பறை மேளம், குருத்தோலைத் தோரணம், அவரை அறிந்த தோழர்கள் தோள் கொடுத்துத் தூக்குவது, பிடி மண் போடுவது, அவர் நல்ல மனிதர் என்று ஊரார் எழுந்து சொல்வது. கல்லில் பெயர், பிறந்த திகதி, இறந்த திகதி, பிள்ளைகளின் பெயர். இயக்கப் பெயரும் தர நிலையும் வேண்டாம் என்பேன். அவை இருந்தால் கல்லுக்கே ஆபத்து.

யாராவது நீதிமன்றம் போய்ச் சடங்கைத் தடுக்க முயன்றால் பதறாதீர்கள். நினைவேந்தல்களுக்கு எதிராக வழக்கமாகக் கேட்கப்படுவது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவின் கீழான உத்தரவு. அது 14 நாட்களுக்கு மேல் நிற்காது. அதை நீக்கவோ திருத்தவோ அதே நீதிவானிடம் கேட்கலாம். கொடியில்லாத ஒரு குடும்பச் சடங்கு என்று காட்ட முடிந்தால் உங்கள் நிலை உறுதியானது.

அம்மாவின் மறுப்பு

உங்கள் கடிதத்தில் அம்மாவுக்கு நான்கு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு அந்த நான்கு வரிதான் மனதில் நிற்கிறது.

வன்னியில் ஒரே வீட்டுக்குள் இரண்டு நினைவும் இருக்கின்றன. விரும்பிப் போனவரும், இழுத்துக்கொண்டு போனவர்களைத் தடுக்கக் கதறியவரும் ஒரே பாயில் படுத்து எழும்புகிறார்கள். அம்மா கொடியை மறுப்பது அப்பாவை மறுப்பதாகாது. முப்பது வருடமாக அவருக்குச் சோறு போட்டு, பொய்க்காலைக் கழுவி வைத்தவர் அவர்தானே. தன் தம்பியைக் கொண்டுபோன கொடிக்குத் தன் வீட்டு வாசலில் மரியாதை செய்யச் சொல்கிறோம் என்பதை அப்பாவுக்கும் யாராவது மெதுவாகச் சொல்ல வேண்டும். சட்டத்தைவிட்டுப் பார்த்தாலும் கொடி வேண்டாம் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அம்மாவுக்கும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. தம்பிக்கு இதுவரை எந்தப் பத்திரமும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மரணச் சான்றிதழ் எடுத்தால் அவன் செத்ததை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்ற பயம் அவருக்கு. அப்படி ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. 2016இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, காணாமற்போனவர் இறந்துவிட்டார் என்று சொல்லாமலே ‘காணப்படாமைச் சான்றிதழ்’ பெறலாம். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திலும் முறையிடலாம். இயக்கம் பிடித்துக்கொண்டு போனதால் முறையிட முடியாது என்று அவர் நினைத்திருந்தால் அதுவும் தவறு. யார் கொண்டுபோனாலும் அவர் காணாமற்போனவர்தான்.

ஓய்வூதியமும் மரியாதையும்

உண்மையைச் சொல்கிறேன். அரசின் படைவீரர் ஓய்வூதியமும் ரணவிரு சேவை அதிகாரசபையின் உதவிகளும் அரச படையினருக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் உரியவை. முன்னாள் போராளி என்ற வகையில் அப்பா கேட்டுப் பெறக்கூடிய ஓய்வூதியமோ படை மரியாதையோ இன்றைய சட்டத்தில் இல்லை. அதற்காக வழக்குப் போடுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஆனால் அவர் ஒரு முதியவர், வலுவிழந்தவர், நோயாளி. இந்த மூன்று வழியிலும் அவருக்கு உரிமை இருக்கிறது. அதை நீங்கள் இன்னும் கேட்கவேயில்லை! 60 வயது கடந்ததும் முதியோர் அடையாள அட்டை எடுத்திருக்க வேண்டும். வலுவிழந்தோர், சிறுநீரக நோயாளர், முதியோர் ஆகியோருக்குத் தனித்தனிக் கொடுப்பனவுகள் உண்டு. முதியோர் கொடுப்பனவுக்கு 70 வயதாக வேண்டும், மற்ற இரண்டையும் இப்போதே விசாரியுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். புனர்வாழ்வு பெற்றவர் என்பதற்காக விண்ணப்பத்தை வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதும் பல மறுப்புகள் காணாமற்போய்விடும்.

பொய்க்கால் பழையதாகி நடக்கும்போது புண்படுத்துகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணத்திலுள்ள ஜெய்ப்பூர் நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் வைத்தியர் இல்லை, ஆனால் இரண்டு விடயங்களை அவருடைய வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். உடம்பில் பீஸ் இருப்பதை எம்.ஆர்.ஐ. எடுக்க முதலே சொல்ல வேண்டும், அந்தக் காந்தத்துக்குள் உலோகம் ஆபத்து. எத்தனை காலமாக, என்னென்ன நோ (வலி) மாத்திரை போடுகிறார் என்பதையும் சொல்லுங்கள், சிலவகை நோ மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கூடாதவை. எப்படிக் காயப்பட்டது என்று கேட்பார்களோ என்று பயந்து இவற்றை மறைக்கும் ஆட்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

செத்த பிறகு எப்படி மரியாதை செய்வது என்று நான்கு பக்கம் எழுதிய உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. அவருடைய பழைய தோழர்கள் யாராவது கடைசியாக எப்போது அவரைப் பார்க்க வந்தார்கள்? ஊரில் அவர்களும் கிழவர்களாகிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பின்னேரம் அவர்களைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்து இருத்திக் கதைக்க விடுங்கள். அதற்கு எந்தத் தடையும் இல்லை.

மருமகனின் வேலை

மாமனார் முன்னாள் போராளி என்பது ஓர் ஆசிரியர்மேல் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கக் காரணமாகாது. சட்டப்படி நடக்கும் குடும்ப அடக்கத்தில் அவர் நிற்கலாம், கொள்ளிக்குடமும் தூக்கலாம். கொடி ஏறினால், நேரலை போனால் கதை வேறு. புலனாய்வு என்று யாராவது வந்தால் பெயரையும் அடையாள அட்டையையும் கேட்டுக் குறித்து வையுங்கள். விசாரணைக்கு வரச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள், தனியே போகாதீர்கள். யாரையாவது பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பிடித்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அவர்கள் அறிவிக்க வேண்டும். அதற்காகக் காத்திராமல் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு நீங்களே அடியுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் தவணை என்பதையும் நினைவில் வைத்திருங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

இப்போது எழுதிவைக்க வேண்டியது

அப்பா தன் விருப்பத்தை எழுதட்டும். இறுதி விருப்ப ஆவணம் என்றால் ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள் வேண்டும். அதன் மூலம் சொத்துப் பெறுபவர்கள் சாட்சியாக நிற்கக்கூடாது. ஆனால் அதைப் பெட்டியில் இருந்து எடுப்பது வழக்கமாக எல்லாச் சடங்கும் முடிந்த பிறகுதான். ஆகவே அடக்கத்துக்கென்று தனியாக ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுவியுங்கள்: எரிக்க வேண்டாம், எந்த மயானம், கல்லில் என்ன பெயர், யார் யார் தூக்க வேண்டும், என்ன செய்யக்கூடாது. கொடி வேண்டாம் என்று அவரே தன் கையால் எழுதினால், சுவிஸிலிருந்து வரும் தொலைபேசிக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை, அந்தக் கடிதம் சொல்லும். ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று அம்மாவிடமும், ஒன்று மரண உதவிச் சங்கத் தலைவரிடமும் இருக்கட்டும். குழிக்கான இடத்தைப் பற்றிப் பிரதேச சபையில் இப்போதே விசாரித்து வையுங்கள். செத்தவீட்டன்று ஓடித்திரிந்தால் யார் யாரோ முடிவெடுப்பார்கள்.

அந்தக் கடிதத்தில் அப்பா கையெழுத்து வைக்கும் நாளில் பெரியப்பாவைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள். முதலில் முறைத்துக்கொண்டு நிற்பார், நிற்கட்டும். தம்பி தன் வாயால் சொல்வதை நேரில் கேட்டு, அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதியவர், நாளைக்கு மயானத்தில் வந்து மறித்துப் பேசமாட்டார்.